கூதலுக்கு ஒரு சட்டை

மேல்சோலை எஸ்டேட்டில் போய் வனிதா என்று கேட்டால் எந்த வனிதா என்பார்கள். ஓடுற வனிதா என்று சொன்னால் போதும், மூணாம் லைனில் நாலாவது வீட்டைக் கைகாட்டி விடுவார்கள். நாற்பத்திரண்டு வயசு. கொழுந்து பறிக்கிற வேலை. கோயமுத்தூரில் காலேஜ் படிக்கிற மகள் இருக்கிறாள். இப்பேர்ப்பட்ட பொம்பளை காலையில் ஆறேகாலுக்கு, பஸ்ஸையும் தவறவிடாமல், பின்னால் காட்டெருமையும் துரத்தாமல், சும்மாவே ஓடுகிறாள் என்றால் விடுவார்களா? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஆறு மாசம் பேசித் தீர்த்தார்கள். அப்புறம் அவர்களுக்கே அலுத்துப் போய், அவள் ஓடிப் போவதை வைத்து மணி பார்க்க ஆரம்பித்தார்கள்.

ஊரால் நிறுத்த முடியாத அந்த ஓட்டத்தை இந்த ஆடி மாசம் கிட்டத்தட்ட நிறுத்தியே விட்டான் அவள் புருசன் ஜெகதீசன். அவனைக் கெட்டவன் என்று நினைத்துவிட வேண்டாம். எஸ்டேட் ஃபாக்டரியில் மேல்மாடியில், இலை வாட்டுகிற தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிறவன். சம்பளத்தைக் கையில் கொடுக்கிறவன், சாராயக் கடைப் பக்கம் தலை வைத்துப் படுக்காதவன். அவனுக்கு இருந்ததெல்லாம் ஒரே ஒரு பயம். அந்தப் பயத்தை அவன் கண்டிஷனாகப் போட்டு வைத்திருந்தான். இன்னொரு தடவை வனிதாவுக்கு நெஞ்சில் சளி கட்டினால், அன்றோடு ஓட்டத்துக்கு முழுக்கு. வனிதாவும் அதற்குச் சரியென்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

ஓட்டம் ஆரம்பித்ததே ஒரு மறதியில்தான். மகள் வர்ஷா பிளஸ் டூ பரீட்சை எழுதின வருசம், கணக்குப் பரீட்சை அன்றைக்கு ஹால் டிக்கெட்டை டிவி மேலேயே வைத்துவிட்டு மஞ்சூருக்கு பஸ் ஏறிப் போய்விட்டாள். வனிதா அதைப் பார்த்தபோது மணி ஒன்பது. அடுத்த பஸ் பத்தரைக்கு. ஜெகதீசன் ஷிப்டில். மஞ்சூர் அஞ்சு கிலோமீட்டர். யோசிக்க என்ன இருக்கிறது? சேலையைத் தூக்கிச் செருகினாள், ஹால் டிக்கெட்டை ஜாக்கெட்டுக்குள் திணித்தாள், ஓடினாள். பாதி வழியில் செருப்பு வார் அறுந்து போனது. இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். ஒன்பதே முக்காலுக்குப் பள்ளிக்கூட கேட்டில் நின்றபோது, அழுது அழுது மூஞ்சி வீங்கின மகள் அம்மாவை அடையாளமே தெரியாமல் பார்த்தாள்.

விசயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் திரும்பி நடந்து வருகிறபோது, கால் நடுங்க, உள்ளங்கால் எரிய, வனிதாவுக்குள் ஒரு சின்ன வருத்தம் எட்டிப் பார்த்தது. அடச்சே, மஞ்சூர் இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்திருக்கலாம். நினைத்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ரோட்டில் தனியாகச் சிரித்துக்கொண்டே நடந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, யாரும் எதையும் மறக்காமலே, கல்லுமுக்கு வரைக்கும் ஓடிப் பார்த்தாள்.

கல்லுமுக்கு என்பது, மஞ்சூருக்கு எதிர்த் திசையில், லைனிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் ரோடு மடங்குகிற இடம். அது வரைக்கும் ஒரு பக்கம் தேயிலை, ஒரு பக்கம் சோலை. முக்கு திரும்பினதும் மலை கதவைத் திறந்து விட்டாற்போல மேற்கே பள்ளம் விழுந்துவிடும். அங்கே போய்த் தொட்டுவிட்டு வந்தால் நாற்பது நிமிசம். பதினெட்டு வயசிலிருந்து பகலெல்லாம் மேஸ்திரி கண்ணுக்கு முன்னால் வரிசையில் நின்று குனிந்தவள், மற்ற நேரமெல்லாம் அடுப்புக்கு முன்னால் குனிந்தவள், அந்த நாற்பது நிமிசம் மட்டும் நிமிர்ந்து இருந்தாள். அதில் அவளுக்கு அவ்வளவு சந்தோசம். மகளுடைய பழைய டீ-சர்ட், சுடிதார் பேன்ட், கேன்வாஸ் ஷூ, தலையில் ஒரு ஸ்கார்ஃப். இதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை, போன வருசம் ஆடி வருகிற வரைக்கும்.

மற்ற ஊரில் ஆடிக் காத்தில் அம்மி பறக்கும் என்று பேச்சுக்குச் சொல்வார்கள். நம்ம மலையில் நிசமாகவே கூரைத் தகரம் பறக்கும். பள்ளத்தில் கிளம்புகிற காத்து கல்லுமுக்கில் வந்து மோதும். போன வருசம் டீ-சர்ட்டோடு ஓடி, வேர்த்த உடம்போடு அந்தக் காத்தில் நின்று, அப்புறம் ஈரம் காயாமலே வேலைக்குப் போய், ஒரு வாரத்தில் வனிதா படுத்துவிட்டாள். நெஞ்சுச் சளி, காய்ச்சல், மூச்சு விட்டால் வலி. ஊட்டி ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். லீவு போட்டுவிட்டு ஜெகதீசன் கட்டில் பக்கத்தில் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தான். டிஸ்சார்ஜ் ஆகிற அன்றைக்கு நர்ஸம்மா இரண்டு விசயம் சொன்னார்கள். குளிர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஈரத்துணியோடு இருக்காதீர்கள். ஜெகதீசன் காதில் முதல் வாக்கியம்தான் ஏறியது. இரண்டாவது வனிதா காதில் ஏறியது. பின்னால் பட்ட அத்தனை பாட்டுக்கும் இதுதான் காரணம்.

புரட்டாசியில் ஜெகதீசன் ஊட்டிக்குப் போய் ஒரு ஜெர்கின் வாங்கி வந்தான். மெரூன் கலர். உள்ளே மெத்தை மாதிரி பஞ்சு, தலைக்கு வைக்கிற தொப்பியில் முடி முடியாக ஓரம். போட்டால் வனிதா ஒன்றுக்கு இரண்டாகத் தெரிந்தாள். சளிப் பயத்தை மனசில் வைத்து அவன் கடை கடையாக ஏறி இறங்கி எடுத்து வந்த சாமான் அது. போட்டுக்கொண்டு நின்றவளைச் சுற்றிச் சுற்றி வந்து, ஜிப்பைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டு, இப்பதான் எனக்கு நிம்மதி என்றான்.

எப்படி வேண்டாம் என்பாள்? போட்டுக்கொண்டு ஓடினாள். முதல் கிலோமீட்டரிலேயே முதுகில் வேர்வை ஒழுகியது. மார்கழி, தை வரைக்கும் ஒரு உபாயம் செய்தாள். லைன் கண்ணுக்கு மறைந்ததும் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்வாள். திரும்பி வருகிறபோது அதே இடத்தில் போட்டுக்கொள்வாள். அந்த மாசங்களில் குளிர்தான் இருக்கும், காத்து இருக்காது. ஓடுகிற உடம்புக்குக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் இந்த வருசம் ஆனி முடிந்து காத்து கிளம்பினதும் வனிதா மாட்டிக்கொண்டாள். கழற்றினால் காத்து நெஞ்சில் குத்துகிறது. கழற்றாவிட்டால் உள்ளே குளித்த மாதிரி நனைகிறது. நனைந்த உடம்போடு திரும்பினால் நர்ஸம்மா சொன்னது ஞாபகத்துக்கு வருகிறது. இருதலைக் கொள்ளி எறும்பு என்பது இதுதான்.

புருசனிடம் சொல்லலாம்தான். நீங்கள் ஆசையாக வாங்கிக் கொடுத்த ஜெர்கின்தான் என்னை நனைக்கிறது என்று சொன்னால் அந்த மனுசன் மூஞ்சி எப்படிப் போகும்? அது ஒன்று. அதைவிடப் பெரியது, அப்படியானால் ஓடவே வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? வாயை மூடிக்கொண்டு தானே ஒரு வழி கண்டுபிடிக்கப் பார்த்தாள்.

முதலில் ஸ்வெட்டர். காத்து அதற்குள் சல்லடையில் போகிற மாதிரி போனது. அப்புறம் அவளுக்கு வந்ததே ஒரு யோசனை! கொழுந்து பறிக்கிறவர்கள் மழைக்கும் பனிக்கும் இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொள்வார்கள். இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களின் வாயில் அதற்குப் படங்கு என்று பேர். வனிதா வீட்டிலும் அப்படித்தான். ஒரு துளி தண்ணீரையும் விடாத சாமான் காத்தை மட்டும் விட்டுவிடுமா என்று கணக்குப் போட்டாள். பழைய படங்கு ஒன்றைக் கத்தரித்து, கை வைத்து, பக்கத்து வீட்டுத் தையல் மெஷினில் ஓட்டி, ஒரு சட்டை தைத்தாள். பார்த்த பொம்பளைகள், வனிதா உரமூட்டைக்குள் இறங்கிவிட்டாள் என்று வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அவளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

காத்து உள்ளே வரவில்லை என்பது வாஸ்தவம். ஆனால் உள்ளே இருந்தது எதுவும் வெளியேயும் போகவில்லை. கல்லுமுக்கைத் தொட்டபோது அவள் இட்லிக் குண்டானுக்குள் இருந்தாள். வீட்டுக்கு வந்து கழற்றினால் கைமுட்டியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. மழையில் நனைந்தால்கூட அவ்வளவு நனைந்திருக்க மாட்டாள். மூன்று நாள் அதோடு ஓடினாள், வீம்புக்கு. நாலாம் நாள் தொண்டையில் கரகரப்பு. அஞ்சாம் நாள் இருமல்.

அதற்குப் பிறகு அவள் பட்ட பாடு இருக்கிறதே. இருமல் வந்தால் தேயிலைச் செடிக்குள் குனிந்து இருமுவாள். வீட்டில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு இருமுவாள். ஒரு நாள் சாயங்காலம் அடுப்பங்கரையில் அடக்க முடியாமல் இரண்டு இருமல் வெளியே வந்துவிட்டது. ஜெகதீசன் டீ டம்ளரைக் கீழே வைத்து, என்ன சத்தம் என்றான். தாளிச்ச நெடி என்றாள் வனிதா. அவன் எட்டி அடுப்பைப் பார்த்தான். அடுப்பில் சோறு மட்டும்தான் கொதித்துக்கொண்டிருந்தது. மிச்ச டீயைக் குடித்துவிட்டுப் போனான்.

மறுநாள் ரோட்டு மேல் யூனிஸ் டீச்சரைப் பார்த்தாள். மஞ்சூரில் பள்ளிக்கூட வாத்தியார்; காலையில் நடக்கிறவர். அவரிடம் மட்டும் எல்லாவற்றையும் கொட்டினாள். டீச்சர் கேட்டுவிட்டு, உனக்கு வேண்டியது ஜெர்கினே இல்லை, விண்ட்சீட்டர் என்று ஒன்று இருக்கிறது, குன்னூரில் கேட்டுப் பார் என்றார். விண்ட்சீட்டர், விண்ட்சீட்டர் என்று வனிதா பறித்த கூடைக்கு ஒரு தடவை சொல்லி மனப்பாடம் பண்ணினாள். காத்தை ஏமாத்துற சட்டை என்று டீச்சர் அர்த்தமும் சொன்னார். பேர் அவளுக்குப் பிடித்திருந்தது.

குன்னூர் போவதற்கு அவள் வாயைத் திறக்கும் முன்னால் ஜெகதீசனே சொன்னான். ஞாயிற்றுக்கிழமை போவோம், இதைவிடக் கனமாக ஒன்று எடுப்போம். அதைப் போட்டும் இருமினால் பேசினது பேசினதுதான். வனிதா தலையாட்டினாள். ஆக, ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில், ஒருத்தி மெல்லிசு வாங்கவும் ஒருத்தன் தடிமன் வாங்கவும் கிளம்பினார்கள்.

குன்னூர் மார்க்கெட் படிக்கட்டுக்குப் பக்கத்தில் கீர்த்திவாசன் என்பவர் கடை. வாசலிலிருந்து கூரை வரைக்கும் ஸ்வெட்டரும் மங்கி குல்லாவும் தொங்கும். ஓடுவதற்கு ஒரு ஜெர்கின் வேண்டும் என்றாள் வனிதா. கீர்த்திவாசன் அவள் காலைப் பார்த்தார், ஜெகதீசனைப் பார்த்தார், பஞ்சு வைத்த ஜெர்கினை எடுத்து விரித்தார். நம்ம மலையில் ஜெர்கின் என்று கேட்டால் பஞ்சுதான் வரும். அதில் அவர் தப்பு ஒன்றுமில்லை. ஜெகதீசன் அதை அமுக்கிப் பார்த்து, பரவாயில்லை என்றான். வனிதா அவசரமாக, விண்ட்சீட்டர் இருக்கிறதா என்றாள். ஓ, இருக்கிறதே! பைக்கில் போகிறவர்கள் போடுகிற ரப்பர் பூசின கோட்டு ஒன்று வந்தது. இதைப் போட்டால் காத்து என்ன, தண்ணீரே போகாது என்றார். போட்டுப் பார்த்தாள். ஜிப்பை இழுத்து முடிப்பதற்குள் முதுகு சுட்டது. ஜிப் வைத்த படங்கு! மெல்லிசாக வேண்டும் என்றாள். மழைக்கோட்டு வந்தது. மேஜை மேல் துணி மலையாகக் குவிந்ததே தவிர, வேண்டியது வரவில்லை. கீர்த்திவாசனுக்குப் பொறுமை குறைந்தது, ஜெகதீசனுக்கு பஸ் ஞாபகம் வந்தது, வனிதாவுக்கு அழுகை வந்தது.

"குளிருக்கு இல்லீங்கண்ணா" என்றாள். "மழைக்கும் இல்ல. கூதலுக்கு."

கீர்த்திவாசன் மடித்துக்கொண்டிருந்த மழைக்கோட்டை அப்படியே வைத்தார்.

"ஏனுங்க, அதைய முன்னாடியே சொல்றதில்லீங்களா?"

குளிர் வேறு, கூதல் வேறு. இது தெரியாதவன் இந்த மலையில் ஒரு ஆடியைக் கழித்திருக்க மாட்டான். குளிர் இருக்கிற இடத்தில் இருக்கும். கூதல் காத்தோடு ஏறித் தேடி வரும். குளிருக்குக் கனம் வேண்டும். கூதலுக்குக் கனம் வேண்டியதில்லை, வழி அடைத்தால் போதும். இங்கிலீசுப் பேரை ஒரு வாரம் மனப்பாடம் பண்ணினவளுக்கு, பிறந்ததிலிருந்து வாயில் இருக்கிற சொல் கடைசியில்தான் வந்து கைகொடுத்தது.

ஏணி போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை இறக்கினார் கீர்த்திவாசன். திருப்பூரிலிருந்து வந்த சரக்காம். இரண்டு வருசமாகத் தூங்குகிறதாம். நம்ம ஆட்கள் இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, இதா குளிர் தாங்கும் என்று சிரித்து வைத்துவிட்டுப் போய்விடுவார்களாம். உள்ளங்கைக்குள் அடங்குகிற பொட்டலம் ஒவ்வொன்றும். மூன்றை விரித்துப் போட்டார். ஒன்று சிவப்பு, பளபளவென்று பூச்சு பூசினது. ஒன்று சாம்பல், உள்ளே ஒரு துணியும் தலைக்குத் தொப்பியும் வைத்தது. மூன்றாவது எலுமிச்சை நிறம், ஒற்றைத் துணி, தோளுக்குக் கீழே முதுகில் குறுக்காக ஒரு மடிப்பு. கனம் என்று எதுவுமே இல்லை. வனிதா அதைக் கையில் எடுத்ததும், இதுதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஜெகதீசன் இரண்டு விரலில் தேய்த்தான். குடைத்துணி என்றான். இதைப் போடுவதும் ஒன்று, போடாமல் இருப்பதும் ஒன்று, வா போகலாம் என்றான். அவன் குரல் உயரவில்லை. ஆனால் ஆஸ்பத்திரி ஸ்டூலில் உட்கார்ந்திருந்த முகம் மறுபடியும் வந்துவிட்டது. வனிதா சட்டையை மேஜையில் வைத்தாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள். வைத்த வேகத்தில் அந்த முதுகு மடிப்பு விலகி, அடியில் கொசுவலை மாதிரி ஒரு துணி தெரிந்தது.

இந்த வலை எதுக்கு என்று கேட்டான் ஜெகதீசன். ஓடுகிற உடம்பின் சூடும் வேர்வையும் அது வழியாகப் போய்விடும், மேலே மடிப்பு இருப்பதால் காத்து நேராக உள்ளே வராது என்றார் கடைக்காரர். ஜெகதீசன் சட்டையைத் தூக்கி முன்பக்கத்தை வாயில் வைத்து ஊதினான். மூச்சு முட்டி நின்றது. மடிப்பைத் தூக்கி வலையில் வைத்து ஊதினான். அந்தப் பக்கம் பிடித்திருந்த உள்ளங்கையில் மூச்சு பட்டது. மறுபடியும் ஊதினான். பார்க்கிறவர்களுக்குப் பைத்தியம் மாதிரி இருந்திருக்கும்.

"அந்த ஜெர்கின் போட்டு ஓடினா, உனக்கு முதுகு நனையுதா?" என்றான் வனிதாவைப் பார்க்காமலே.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? எல்லாவற்றையும் சொன்னாள். இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினதைச் சொன்னாள். படங்கில் சட்டை தைத்ததை, செடிக்குள் குனிந்து இருமினதை, தாளிச்ச நெடி என்று பொய் சொன்னதைச் சொன்னாள். "நீங்க ஆசையா வாங்கினதுங்க. அதான் சொல்ல வாய் வரல" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

கீர்த்திவாசன் விவரமான மனுசன். வாசலில் தொங்கின ஸ்வெட்டர்களைச் சரிபண்ணப் போய்விட்டார். ஜெகதீசன் ஸ்டூலில் உட்கார்ந்தான். சட்டை அவன் மடியில் கிடந்தது. ரொம்ப நேரம் அந்த வலையையே விரலால் தடவிக்கொண்டிருந்தான்.

அவன் வேலையைச் சொன்னால்தான் இது புரியும். தோட்டத்திலிருந்து வருகிற கொழுந்தை மேல்மாடியில் நீளத் தொட்டிகளில் பரப்புவார்கள். தொட்டிக்கு அடியில் வலை, வலைக்கு அடியில் பெரிய ஃபேன். இரவும் பகலும் காத்து கீழிருந்து மேலே போய்க்கொண்டிருக்கும். ஈரக் கொழுந்தைச் சாக்கில் அமுக்கி இரண்டு மணி நேரம் வைத்தால் போதும், உள்ளே கைவிட்டால் சுடும். அந்த இலை தேயிலைக்கு ஆகாது. கொழுந்து மூட்டை வந்ததும் அவிழ்த்துக் கொட்டு, அவிழ்த்துக் கொட்டு என்று ஃபாக்டரியே அதிரக் கத்துகிறவன் ஜெகதீசன்தான்.

"இருபத்தஞ்சு வருசமா இலைக்குக் காத்து விடுறேன்" என்றான் கடைசியில். "ஈரத்த அமுக்கி வெச்சா அவிஞ்சு செவந்து போகும்னு நேத்து வந்தவனுக்குக்கூடப் பாடம் எடுக்குறேன். உன்ன மட்டும் சாக்குல கட்டி அனுப்பியிருக்கேன் பாரு."

வனிதாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து வந்து, கூடவே இருமலும் வந்தது. அவன் எழுந்து போய்க் கடைக்காரரிடம் தண்ணீர் வாங்கிக் கொடுத்தான்.

அதற்கப்புறம் சட்டை தேர்ந்தெடுப்பதை முழுக்க அவன் கையில் எடுத்துக்கொண்டான். அப்பப்பா, அந்த ஆராய்ச்சியை என்னவென்று சொல்வது! சிவப்பை ஊதிப் பார்த்து, எந்தப் பக்கமும் வழியில்லை என்று தள்ளினான். சாம்பலில் உள்துணி வேர்வையைக் குடித்துவிட்டு காயாது என்று தள்ளினான். அதில் இருந்த தொப்பியை மட்டும் விட மனசில்லை, காது என்னாவது என்றான். ஸ்கார்ஃப் இருக்கிறது என்றாள் வனிதா. தொப்பி ஓட ஓடக் காத்தைப் பிடித்துப் பின்னால் இழுக்கும் என்று கீர்த்திவாசனும் சேர்ந்துகொண்டார். அளவு பார்க்கிறபோது நம்ம ஊர் வழக்கப்படி, உள்ளே ஸ்வெட்டர் போட இடம் வேண்டுமே என்று ஒரு சைஸ் பெரிசாகக் கேட்டான். கேட்டுவிட்டு அவனே நாக்கைக் கடித்துக்கொண்டான். கையை முன்னால் நீட்டு, மேலே தூக்கு, குனி, நிமிர் என்று வனிதாவைப் படுத்தி எடுத்தான். முதுகு தூக்கவில்லை, கை இழுக்கவில்லை, கழுத்தில் ஜிப் உரசவில்லை. எலுமிச்சை நிறம் மட்டும் கண்ணை உறுத்துகிறதே என்று வனிதா தயங்கினாள். மூடுபனியில் பஸ் டிரைவருக்கு உறுத்தட்டும் என்றான் ஜெகதீசன்.

சட்டை வாங்கியாகிவிட்டது. அதனால் கண்டிஷன் போய்விட்டது என்று அர்த்தமா? பஸ்ஸில் வருகிறபோதே சொல்லிவிட்டான். இருமல் நிற்கிற வரைக்கும் ஓட்டம் கிடையாது. நின்றதும் ஒரு நாள் ஓடு, நான் பார்க்கிறேன், அப்புறம் சொல்கிறேன். வனிதா பதினோரு நாள் காத்திருந்தாள். சட்டை ஆணியில் தொங்கியது. வேலைக்குப் போகிறபோதும் வருகிறபோதும் அதை ஒரு தடவை தொட்டுக்கொள்வாள். கஷாயத்தை அவள் அவ்வளவு பக்தியாக வாழ்நாளில் குடித்ததில்லை.

பன்னிரண்டாம் நாள் காலையில் காத்து பலமாக இருந்தது. இன்றைக்கு வேண்டாம் என்பானோ என்று பார்த்தாள். ஜெகதீசன் குடையை எடுத்துக்கொண்டு, நான் கல்லுமுக்கில் நிற்கிறேன் என்று முன்னாலேயே கிளம்பிவிட்டான். அரை மணி நேரம் கழித்து வனிதா ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு, ஜிப்பைக் கழுத்து வரைக்கும் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. சட்டை போட்டிருப்பதே தெரியவில்லை. ஏற்றத்தில் உடம்பு சூடானதும் ஜிப்பை நாலு விரல்கடை இறக்கினாள். முதுகில் வேர்வை அரும்புவது தெரிந்தது. ஆனால் ஒழுகவில்லை; யாரோ பின்னாலிருந்து விசிறுகிற மாதிரி இருந்தது. முக்கு வருகிறதற்கு முன்னால் ஜிப்பை ஏற்றினாள். திரும்பினாள். காத்து வந்து நெஞ்சில் அடித்தது. போன வருசத்துக் காத்தேதான், அதே வேகம்தான். சட்டையோடு ஒட்டி, அழுத்தி, தள்ளிப் பார்த்தது. உள்ளே வர முடியவில்லை. வனிதாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. போடா என்று காத்தைப் பார்த்து வாய்விட்டே சொன்னாள்.

ஜெகதீசன் ரோட்டோரத்துச் சுவரில் உட்கார்ந்திருந்தான். குடை அவன் கையில் மேல்நோக்கி மடங்கிக் கிடந்தது. வனிதா வந்து நின்றாள். அவன் திரும்பி நிற்கச் சொன்னான். கழுத்துக்குப் பின்னால் சட்டைக்குள் இரண்டு விரலை விட்டு, டீ-சர்ட்டைப் பிடித்துத் தேய்த்தான். தொட்டியில் இலையை எடுத்துப் பார்க்கிறபோது அவன் அப்படித்தான் தேய்ப்பான். தோளில் பார்த்தான், நடுமுதுகில் பார்த்தான். ஒரு வார்த்தையில் இந்த ரோடு அவளுக்கு இருக்கும், இல்லாவிட்டால் இல்லை.

"ஈரம் இருக்கு" என்றான்.

வனிதா ஜிப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும். இருக்கணும். பதமா இருக்கு."

விரலை எடுத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு பேசினான். "நீ ஊட்டியில படுத்திருந்தப்ப எனக்குப் பயமா இருந்துச்சு வனிதா. ஓடுறது மேல எனக்கு என்னா கோவம்? நீ இல்லாமப் போயிருவியோன்னு பயம். அத எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் கண்டிஷன் போட்டேன். இனிமே அது வேணாம்."

வனிதா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லிட்டுக் கிடந்தது. இவ்வளவு நேரமாக அந்தக் கூதலில், அவள் எப்படி வருகிறாள் என்று பார்ப்பதற்காக, சாதாரணச் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறான் மனுசன். வீட்டுக்குப் போகலாம் வாங்க என்று திரும்பினாள்.

அவன் வாட்ச்சைப் பார்த்தான். "மஸ்டர்ல பேர் கொடுக்க இன்னும் நேரம் இருக்கே. முக்கு தாண்டி நீ போனதே இல்லையில்ல? அந்தப் பக்கம் ஆத்துப் பாலம் வரைக்கும் ஓடிட்டு வா. நான் போய் உலை வெக்கிறேன்."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருசத்தில் அவனாக அவளைப் போ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. வனிதா ஜிப்பை ஏற்றிக்கொண்டு, காத்துக்கு எதிரே, பாலத்தைப் பார்த்து ஓடினாள்.